தாள் நீலமாவது நிற்கும் வரைக்கும் தண்ணீர்

கற்பித்தல் உதவியாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு இது முதல் வேலை. எனக்கு இது இரண்டாவது வேலை, கடைசி வேலையும் இதுதான். இதற்கு முன்னால் வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். அதை மூடியபோது எனக்கு நாற்பது தாண்டி வெகு காலம் ஆகிவிட்டது. எம்.எஸ்சி. சான்றிதழ் பீரோவுக்குள் கிடந்தது. ஜவ்வாது மலைக்கு மேலே ஒரு கல்லூரியில் முதலாமாண்டு அறிமுக வேதியியல் பாடத்துக்குக் கற்பித்தல் உதவியாளர் வேண்டுமாம் என்று என் மனைவிதான் செய்தித்தாளில் பார்த்துச் சொன்னாள்.

"இந்த வயசுல போய் இன்னா கற்பிக்கப் போறேன்?" என்றேன்.

"வூட்ல உக்காந்து சுவத்துக்குக் கத்துக் குடுக்கறத வுட அது தேவல" என்றாள்.

போளூரிலிருந்து மலையேறும் பேருந்தில் ஒரு பெட்டியோடு போய் ஜமுனாமரத்தூரில் இறங்கினேன். பாடத்தை நடத்திய பேராசிரியைக்கு என் அக்கா மகள் வயது இருக்கும். அவர் பாடம் எடுப்பார். நான் வாரம் ஒரு பயிற்சி வகுப்பும், ஆய்வகமும், விடைத்தாள் திருத்தமும் பார்க்க வேண்டும். உங்கள் வேலையும் அதுதான் என்பதால் விவரிக்கத் தேவையில்லை.

முதல் பயிற்சி வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றேன். அமிலம், காரம் என்று இரண்டு சொல் எழுதியதும் குமரேசன் என்ற மாணவன் எழுந்தான். நெட்டையாக, எப்போதும் பாதி எழுந்த நிலையிலேயே உட்கார்ந்திருப்பவன்.

"சார், புளியும் ஆசிட்தானே? அத சாப்புடுறோம். ஆய்வகத்துல இருக்கற ஆசிட்ட மட்டும் தொடாதன்றீங்க. இது இன்னா சார் நியாயம்?"

வகுப்பு சிரித்தது. இருபது வருடம் அமிலத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். பதில் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. நாற்பது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. தோல் தொழிற்சாலையில் என்னை யாரும் இப்படிப் பார்த்ததே இல்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

வேலையை விட்டுவிடலாமா என்று அன்று மாலை பேராசிரியை மேடத்திடமே கேட்டேன். அவர் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "சார், மேடையில நிக்கிறது என் வேலை. நீங்க அவங்க பக்கத்துல நிக்க வந்திருக்கீங்க. என்கிட்ட கேக்கப் பயப்படுறத உங்ககிட்ட கேப்பாங்க. மேசைக்கு மேசை நடந்து போங்க. பேச்சு தானா வரும்."

அப்படியே செய்தேன். வந்தது. ஒருவனிடம் பேசுவது எனக்குக் கஷ்டமே இல்லை. நாற்பது பேரிடம் பேசுவதுதான் கஷ்டம். மேசைக்கு மேசை போனால் அது நாற்பது தடவை ஒருவரிடம் பேசுவது. குமரேசனின் புளிக்கேள்விக்கு அவன் மேசையருகே நின்று பதில் சொன்னேன். எவ்வளவு அடர்த்தி என்பதுதான் விஷயம் என்றேன். பிடித்துக்கொண்டான். அதன்பின் என்னை விடவே இல்லை.

அவனுக்கு அடுத்த மேசை வெண்ணிலாவுடையது. சாலை போகாத ஒரு மலையூரிலிருந்து வருபவள். ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து பேருந்து பிடிப்பாள். தன் கண்ணால் பார்க்காத எதையும் பதிவேட்டில் எழுத மாட்டாள். "புத்தகத்துல வெள்ளைன்னு போட்டுக்கீது சார். எனக்கு பழுப்பாத்தான் தெரியுது. இன்னா எழுதட்டும்?" என்று கேட்பாள். பழுப்பு என்று எழுது, ஏன் பழுப்பு என்று யோசிப்போம் என்பேன்.

நடுநிலையாக்கல் பாடம் வந்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் கூடியிருந்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், மிஞ்சுவது உப்பும் தண்ணீரும் என்று விளக்கினேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை அமிலம் கொண்டு எப்படிச் சரிசெய்வோம் என்று என் பழைய வேலையிலிருந்து உதாரணம் சொன்னேன். முதல் தடவையாக வகுப்பு முழுக்க வாய் பிளந்து கேட்டது. குமரேசன் கையால் மேசையில் தட்டி, "செம சார்" என்றான். அன்று அறைக்குத் திரும்பும்போது நான் ஓர் ஆசிரியன் போலத்தான் நடந்தேன்.

இனி நான் சொல்ல வந்த நாள்.

சோப்பு செய்யும் பயிற்சி. மேடம் விடைத்தாள் திருத்தும் பணிக்காக வேலூர் போயிருந்தார். கல்லூரி முதல்வர் திருவண்ணாமலையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். வெண்ணிலா வீட்டிலிருந்து புங்க எண்ணெய் கொண்டுவந்திருந்தாள். கடை எண்ணெய் எதற்கு, எங்கள் மரத்து எண்ணெயில் சோப்பு வருகிறதா பார்ப்போம் என்று அவள்தான் கேட்டிருந்தாள். ஆய்வகம் முழுக்க அந்தக் கசப்பு வாசம்.

காஸ்டிக் சோடாவை நானே தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, ஒவ்வொரு மேசைக்கும் அளந்து கொடுத்தேன். எல்லோர் முகத்திலும் காப்புக் கண்ணாடி. சூடான எண்ணெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். எண்ணெயின் ஆவியில் வெண்ணிலாவின் கண்ணாடி மங்கிவிட்டது. துடைப்பதற்காக அதை நெற்றிக்கு ஏற்றினாள். அந்த ஒரு நொடியில் இன்னொரு கையிலிருந்த அளவுஜாடி வழுக்கி மேசை விளிம்பில் மோதியது. உள்ளேயிருந்த காரம் தெறித்து நேராக வலது கண்ணில் பட்டது.

அவள் போட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஓடிப்போய் பிடரியைப் பிடித்து அவளைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனேன். குழாயைத் திறந்தேன். கண்ணில் எரிச்சல் எடுத்தால் இமை இரும்புக் கதவு போல மூடிக்கொள்ளும். இரண்டு விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நேராக விழியில் விழும்படி பிடித்தேன். கொஞ்ச நேரம் விழுந்தது. பிறகு நூலாக மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. காலையிலிருந்து மின்சாரம் இல்லை, மேல்தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை.

"தண்ணி! எங்க கெடைக்குதோ அங்க இருந்து எடுத்துனு வாங்க! எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தினேன். ஒருவரிடம் மட்டுமே பேசத் தெரிந்த எனக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

குடிதண்ணீர்க் கேன் ஒன்றை உருட்டி வந்தார்கள். தாழ்வாரத்தின் தரையில் அவளை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தேன். நல்ல கண்ணுக்குத் தண்ணீர் வழிந்து போய்விடக் கூடாது. ஒரு பெண் தன் துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்தாள். நான் இமையைப் பிரித்துப் பிடிக்க, இன்னொரு பெண் டம்ளர் டம்ளராக ஊற்றினாள்.

அதற்குள் அலுவலகக் கண்காணிப்பாளர் வந்துவிட்டார். முதல்வர் இல்லாத நாளில் கல்லூரிக்கு அவர்தான் பெரியவர். பின்னாலேயே கல்லூரி ஜீப்பும் வந்து நின்றது.

"இன்னா சார் பண்றீங்க? ஏத்துங்க வண்டில! வேலூருக்கு இட்டுனு போவலாம்."

"கொஞ்சம் பொறுங்க சார். கழுவி முடிக்கணும்."

"கழுவறதா? கண்ணு சார் அது! எறங்கவே எவ்ளோ நேரம் ஆவும் தெரியுமா? ஒவ்வொரு நிமிஷமும் போய்ட்டே இருக்குது!"

அவர் சொன்னதில் தப்பில்லை. மலையில் கண் மருத்துவர் கிடையாது. கண்ணுக்கு என்றால் அமிர்தி வழியாக வேலூருக்குத்தான் இறங்க வேண்டும். அத்தனை வளைவுகள். நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார். பயந்த எவரும் வண்டியைத்தான் தேடுவார்கள். வண்டி ஓட ஆரம்பித்தால் ஏதோ நடக்கிறது என்று மனசு ஆறுதல் அடையும்.

எனக்கு மட்டும் வேறொரு ஞாபகம் இருந்தது. தோல் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளியின் கண்ணில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்தது. நான் சோதனைக்கூடத்திலிருந்து இறங்கி வருவதற்குள் நாலு பேர் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு விரட்டியிருந்தார்கள். அவ்வளவு வேகமாக ஓர் ஆட்டோ போய் நான் பார்த்ததில்லை. அந்த வழி முழுக்க சுண்ணாம்பு கண்ணுக்குள்ளேயே இருந்து வேலை செய்துகொண்டிருந்தது. அமிலம் பட்ட இடத்தைச் சுட்டுவிட்டு நிற்கும். காரம் நிற்காது, உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அவருக்கு அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

"சார், அந்தக் காரம் கண்ணுக்குள்ள இருக்கற வரைக்கும் ஜீப் எவ்ளோ வேகமாப் போனாலும் பிரயோசனம் இல்ல. இப்ப எனக்கு ஜீப் வேணாம், தண்ணி வேணும்" என்றேன்.

"நீங்க டெம்பரரி சார்! நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. என்னத்தான் கேப்பாங்க!"

"நான்தான் நிறுத்தினேன்னு சொல்லுங்க. எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அவர் என்னை முறைத்தார். நான் நிமிரவில்லை. உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு உறுதி இருந்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நிமிர்ந்தால் ஜீப் கண்ணில் படும், மனசு மாறிவிடும் என்றுதான் குனிந்தே இருந்தேன்.

அப்போதுதான் குமரேசன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் ஒரு பீக்கர்.

"வழி வுடுங்க! சார், ஆசிட் கொண்டாந்துட்டேன் சார்! பேஸுக்கு ஆசிட் ஊத்துனா நியூட்ரல் ஆய்டும்ல? நீங்கதான சார் சொன்னீங்க! நகருங்க சார், ஊத்துறேன்!"

முகத்தில் அப்படி ஓர் ஒளி. தோழியைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். குனிந்தே விட்டான். பீக்கர் அவள் முகத்துக்கு மேலே சாய்ந்தது.

யோசிக்க நேரமில்லை. இமையைப் பிடித்திருந்த கையை எடுத்து அவன் மணிக்கட்டை ஓங்கித் தட்டினேன். பீக்கர் பறந்துபோய்ச் சுவரடியில் விழுந்து நொறுங்கியது. குமரேசன் தன் வெறுங்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்ததை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னவனை நான் அடித்திருந்தேன்.

"தண்ணி மட்டும்தான். வேற எதுவும் கிட்ட வரக் கூடாது" என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை. நெருக்கடியில் விளக்கம் சொல்ல உட்காராதீர்கள். ஆனால் அந்த விளக்கம் உங்கள் தலைமேல் பாக்கியாக நிற்கும். பிற்பாடு அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வெண்ணிலா என் கையைப் பிடித்துக் கெஞ்ச ஆரம்பித்தாள். "போதும் சார். உட்ருங்க சார். இப்ப எரியல சார். சத்தியமா எரியல."

எரிச்சல் குறைந்திருக்கலாம். நான் நிறுத்த வேண்டும் என்பதற்காகச் சொல்லியும் இருக்கலாம். அதை நம்பி நிறுத்தவும் முடியாது, அவள் அழ அழ எவ்வளவு நேரம் ஊற்றுவது என்றும் தெரியவில்லை. கண்காணிப்பாளர் சொன்னதே சரியோ? வேண்டிய மட்டும் கழுவியாகிவிட்டதோ? வீணாக நேரத்தைக் கடத்துகிறேனோ? காரம் போய்விட்டதா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வி வந்த உடனேயே பதிலும் வந்தது. முதலாமாண்டு முதல் வாரத்தில் எல்லோருக்கும் சொல்லித்தருகிற பதில்: காரம் பட்டால் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும்.

"குமரேசா! சிவப்பு லிட்மஸ் எடுத்துனு வா. கையைக் கழுவிட்டு எடு."

சிலையாக நின்றவன் ஓடினான். தாள் புத்தகத்தோடு திரும்பி வந்தான். தண்ணீரை நிறுத்தச் சொல்லி, சற்றுப் பொறுத்து, கீழிமையை இறக்கி, தாளின் முனையை அங்கே வழிந்த ஈரத்தில் மெல்ல ஒற்றினேன்.

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டாள்: "இன்னா கலரு சார்?"

"நீலம்மா."

மூச்சு ஏறி இறங்கியது.

"அப்ப ஊத்துங்க" என்றாள்.

என் கையை விட்டுவிட்டாள். இரண்டு கையாலும் தரையை அழுத்திக்கொண்டு, தானே இமையைத் திறக்க முயன்றாள். அதுவரை அவளுக்கு நாங்கள் ஏதோ செய்துகொண்டிருந்தோம். அந்த இடத்திலிருந்து அவளும் எங்களோடு சேர்ந்து செய்தாள். ஊற்றினோம். மறுபடி ஒற்றினேன்.

"இன்னா கலரு?"

"நீலந்தான். முன்ன இருந்ததுக்குக் கொறைச்சல்."

"ஊத்துங்க."

அன்று சந்தை நாள். தண்ணீர் தேடிப்போன பிள்ளைகள் சந்தைவரை ஓடியிருக்கிறார்கள் போலும். டீக்கடைக் கேன், சோடாக் கடை வாளி, யாரோ குடிக்க வைத்திருந்த குடம் எல்லாம் வந்தன. நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றச் சொன்னேன். பின்னாலேயே சந்தைக் கூட்டமும் வந்துவிட்டது. தக்காளி விற்கும் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "தாய்ப்பால் வுட்டா குளுந்துடும். என் மருமவ இங்கதான் கீறா, இட்டாரட்டுமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கண்காணிப்பாளர் குறுக்கே போய் நின்றார். "தண்ணி மட்டும்தாம்மா. அந்தப் பேப்பரு சொல்ற வரைக்கும் வேற ஒண்ணும் கெடையாது. நகருங்க, காத்து வரட்டும்." பிறகு ஒரு கேனை அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டார். சட்டை முழுக்க நனைந்தது. ஒவ்வொரு முறை நான் தாளை ஒற்றும்போதும், வெண்ணிலா கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார்: "இப்ப இன்னா கலருங்க?"

நீலம், வெளிறிய நீலம், ஊதா. ஒரு தடவை சிவப்பாகவே இருந்தது. யாரோ கை தட்டினார்கள். வேண்டாம் என்று சைகை காட்டினேன். உள்ளே எங்காவது ஒட்டியிருந்தால் சற்று நேரத்தில் மறுபடி கசியும். பொறுத்து, கண்ணை உருட்டச் சொல்லி, மேலிமையைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு, புதுத் தாளை வைத்தேன்.

கண்காணிப்பாளர் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தாளைக் குனிந்து பார்த்தார்.

"சார்?"

"சிவப்பு."

"நல்லாப் பாருங்க சார்."

குமரேசனிடம் தாளைக் காட்டினேன். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சிவப்புதான் வெண்ணிலா. மாறவே இல்ல" என்றான்.

"இப்ப ஜீப்" என்றேன் கண்காணிப்பாளரிடம்.

போகும் வழியில் சுகாதார நிலையத்தில் நிறுத்தினோம். கண்காணிப்பாளர் முன்பே போன் செய்திருந்ததால் செவிலியர் வாசலிலேயே நின்றார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாரு கழுவுனது? நல்லா கழுவியிருக்கீங்க. ஆனா வழியிலயும் நிறுத்தாதீங்க" என்று ஒரு சலைன் பாட்டிலும் குழாயும் கொடுத்தார். அதைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஜீப்பின் பின்பக்கத்தில் குமரேசன் சொல்லாமலே ஏறி உட்கார்ந்திருந்தான்.

அந்த வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தோம். குமரேசன் ஒரு கையால் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்தான். கை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை. நான் வெண்ணிலாவின் தலையை மடியில் வைத்து இமையைப் பிடித்திருந்தேன். கருவிழி மேல் மெல்லிய மூட்டம் போல ஏதோ தெரிந்தது.

"சார், எப்படி கீது?" என்று கேட்டாள்.

"செவந்திருக்கு வெண்ணிலா" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

வேலூரில் கண் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டார். என்ன காரம், எவ்வளவு அடர்த்தி, எப்படிக் கழுவினோம். அவரும் ஒரு தாளை எடுத்து ஒற்றினார். தலையாட்டினார். "மேல்தோல் கொஞ்சம் உரிஞ்சிருக்கு. அது வளர்ந்துடும். உள்ள எறங்கலன்னுதான் நெனைக்கிறேன். காலையில பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்" என்று மருந்து போட்டுக் கட்டுப் போட்டார்.

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மேடம் செய்தி கேட்டு விடைத்தாள் மையத்திலிருந்து நேராக வந்திருந்தார். அவரிடம் சொல்ல எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஏன் ஜீப்பை நிறுத்தினேன், ஏன் அப்படி, ஏன் இப்படி என்று. அவர் எதையும் கேட்கவில்லை. "சாப்ட்டீங்களா சார்?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை முதல் பேருந்தில் வெண்ணிலாவின் அப்பா வந்தார். மெலிந்த மனிதர், தோளில் ஒரு துணிப்பை. என்னைத் தேடி வந்து நின்றார்.

"கண்ணுல இன்னாங்க சார் பட்டுச்சி?"

"காரம்ங்க. சோப்பு செய்யறதுக்குப் போடுறது."

"சோப்பா?" தோளிலிருந்த பையை இறக்கினார். "சோப்புதான் கடையில விக்குதே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. எத்தனையோ பேராசிரியர்கள் எத்தனையோ கேள்வி என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவு கடினமான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கட்டைப் பிரித்தார்கள். மருத்துவர் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இடக்கண்ணை மூடி, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். நானும் அவள் அப்பாவும் கதவருகே நின்றோம்.

"ட... ப... ம..."

"கீழ வரி."

"ய, ப, ட, ர."

"அதுக்கும் கீழ."

இங்கே தயங்கினாள். கண்ணைச் சுருக்கினாள். அவள் அப்பாவின் கை என் முழங்கையைப் பற்றியது. யார் கையைப் பற்றினோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"கொஞ்சம் கலங்கலாத் தெரியுது டாக்டர். ம, ல... அடுத்தது எனக்கு 'வ' மாதிரி தெரியுது. சரியாத் தெரியாம சொல்ல மாட்டேன்."

மருத்துவர் சிரித்துவிட்டார். "'வ'தான். கலங்கல் ஒரு வாரத்துல போய்டும். சொட்டு மருந்த மட்டும் ஒழுங்கா போடுங்க. கண்ணு தப்பிச்சிடுச்சு."

நான் தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்தேன். அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு சிரிப்பாக வந்தது. அந்த வழியாகப் போன ஒரு பணியாளர், "மயக்கமா சார்?" என்று கேட்டார். "இல்லம்மா, நிம்மதி" என்றேன்.

குமரேசன் முதல்நாள் இரவிலிருந்து மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தான். வெண்ணிலா வெளியே வந்ததும் எழுந்தான். பேச வாயெடுத்து அழுதுவிட்டான். அவள் அப்பா திகைத்தார். "இந்தப் புள்ள ஏன் அழுவுது?"

"நான் ஆசிட் ஊத்தப் போனேன்ப்பா. சார் தட்டி வுடலன்னா ஊத்தியிருப்பேன்" என்றான் குமரேசன், அவள் அப்பாவைப் பார்த்து. நான் இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் வெண்ணிலா. "கண்ணுதான் மூடியிருந்துச்சு. காது தொறந்துதான இருந்துச்சு? பீக்கரு ஒடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பாட்டில புடிச்சினு வந்ததும் நீதான்னு தெரியும். கண்ணு என்னுது. நீ ஏன் அழுவுற? மூக்கத் தொடச்சிக்கோ."

அவள் அப்பா முதல் தடவையாகச் சிரித்தார். கல்லூரியை விட்டுவிடு என்று சொல்லத்தான் வந்திருப்பார் என்று நான் பயந்திருந்தேன். ஒருவேளை அப்படித்தான் வந்திருந்தாரோ என்னவோ. பேருந்து நிலையம்வரை மகள் அவருக்கு லிட்மஸ் தாளின் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். பேருந்து ஏறும்போது என்னிடம், "ஆறட்டும் சார், அனுப்பறேன்" என்று மட்டும் சொன்னார்.

குமரேசன் மட்டும் என்னோடு நின்றான். "சார், ஊத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வகுப்புல பாக்கலாம்" என்றேன்.

வெண்ணிலா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்த வாரம் மேடத்திடம் அனுமதி கேட்டேன். "பயிற்சி வகுப்பு உங்களுது சார். என்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றார். ஆனால் பின்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் கரும்பலகை முன்னால் நின்றேன். நாற்பது ஜோடிக் கண்கள். இந்த முறை குரல் அடைக்கவில்லை.

"நடுநிலையாக்கல் பத்தி உங்களுக்குச் சொன்னது எல்லாம் சரி. ஆனா முழுசாச் சொல்லல. மிச்சத்த இன்னைக்குப் பாருங்க" என்றேன். குமரேசனைக் கூப்பிட்டேன். கையுறை, காப்புக் கண்ணாடி எல்லாம் போடவைத்து, ஒரு பீக்கரில் காரக் கரைசல் கொடுத்தேன். அதில் அமிலத்தை மெல்ல ஊற்றச் சொன்னேன். ஊற்றினான். சிவப்பு லிட்மஸும் நீல லிட்மஸும் நிறம் மாறவில்லை. உப்பும் தண்ணீரும். பாடத்தில் சொன்னபடியே.

"அன்னிக்கு நீ கேட்டதுக்குப் பதில் இதுதான். இப்ப கையுறையக் கழட்டிட்டு, பீக்கர வெளிப்பக்கமாத் தொட்டுப் பாரு."

தொட்டான். அவன் முகம் மாறியது. வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு நடந்து, வெண்ணிலாவின் மேசையில் வைத்தான். வகுப்பே எழுந்து நின்று பார்த்தது.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கண்ணில் சிவப்பு முழுக்கப் போயிருந்தது. பீக்கரை ஒரு விரலால் தொட்டாள், பிறகு உள்ளங்கையால் தொட்டாள். பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"சுடுது சார்" என்று சொல்லிவிட்டு, அதை எழுதிக்கொண்டாள்.